தாழ்ந்த கார் ஏறும் சாய்தளம்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். புதிய கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்துகொண்டு நீண்ட லாரிகள் வரிசையாகப் போகும். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் உற்பத்தி நடக்கிறது. ஆகவே இதில் வியப்பில்லை. ஆனால் அந்த லாரிகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு ஜீப் வரும். அதன் பின்னால் தட்டையான சிறு டிரெய்லர் ஒன்று. அதன்மேல், பாயில் படுத்த பிள்ளையைப்போல் தாழக் கிடக்கும் ஒரு பந்தயக் கார்.

ஓடக்கூடிய காரை எதற்காக இன்னொரு வண்டியில் ஏற்றிச் செல்லவேண்டும்? அதற்கு விடை அதே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. 1990-இல் அங்கே ஒரு பந்தயப் பாதை திறக்கப்பட்டது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். அதற்கு முன்பு சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. பந்தயத்துக்கென்றே கட்டிய காருக்கு முன்விளக்கு இராது, பதிவெண் இராது, மழை துடைப்பானும் இராது. அதைப் பொதுச்சாலையில் ஓட்ட அனுமதி கிடையாது. சாதாரணக் காரையே வாங்கி அதன் சுருள்வில்களைக் குட்டையாக்கித் தாழ்த்தினாலும் தொல்லைதான். தயாரிப்பாளர் தந்த அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. பந்தயப் பாதைக்குள் ஓடலாம். அங்கே போய்ச் சேர்வதற்கு அதற்கு ஒரு பல்லக்கு வேண்டும்.

காரை ஏன் தாழ்த்துகிறார்கள் என்பதை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். பெரிய காஞ்சிபுரத்தின் ராஜவீதிகளில் தேர் ஓடுவதைப் பாருங்கள். முனை திரும்பும்போது எத்தனை நிதானம்! தேரின் ஈர்ப்பு மையம் உயரத்தில் இருப்பதால் வேகமாகத் திருப்பினால் சாய்ந்துவிடும். பந்தயக் காருக்கு வேகமாகத் திரும்புவதே தொழில். ஆகவே அதன் ஈர்ப்பு மையத்தை முடிந்தவரை தரைக்கு அருகே கொண்டுவருகிறார்கள். வளைவில் கிடைக்கும் அந்த நன்மைக்கு, டிரெய்லரில் ஏறும்போது விலை கொடுக்கவேண்டியிருக்கிறது.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டறையில் இப்படியொரு கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருங்காட்டுக்கோட்டைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரம். காரின் சொந்தக்காரர் ஒரு டிரெய்லரை வாடகைக்குப் பேசியிருக்கிறார். நம் ஊரில் இத்தகைய வண்டி பெரும்பாலும் ஓட்டுநரோடு சேர்ந்தே வரும். அமெரிக்காவில் டிரெய்லரை மட்டும் தனியே வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிச் செல்லும் வழக்கம் உண்டு. 1945-இல் தொடங்கிய யூ-ஹால் என்ற நிறுவனம் இதை நாடு முழுவதும் பரப்பியது. யார் ஓட்டினாலும் இயற்பியல் ஒன்றுதான். அந்த டிரெய்லர் நம் காருக்குப் பொருந்துமா என்பதை, வாடகை கொடுப்பதற்கு முன்பே ஒரு நாடா அளவுகோலும் பள்ளிக்கூடக் கணக்கும் கொண்டு சொல்லிவிடலாம்.

மூக்கு இடிக்கும் இடம்

நம் காரின் அளவுகள் இவை. முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை 250 செ.மீ. முன்சக்கர மையத்துக்கு முன்னால் மூக்கு 90 செ.மீ. நீண்டிருக்கிறது. மூக்குக்கும் தரைக்கும் இடைவெளி 10 செ.மீ. வயிற்றுக்கும் தரைக்கும் அதே 10 செ.மீ. எடை 1,100 கிலோகிராம். வாடகை டிரெய்லரின் தளம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரம். அதனுடன் வரும் சாய்பலகைகள் 180 செ.மீ. நீளம்.

சாய்தளத்தைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள். உயரத்தைச் சாய்தளத்தின் நீளத்தால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பு கிடைக்கும். 45-ஐ 180-ஆல் வகுக்க 0.25. இது ஏறக்குறைய பதினாலரைப் பாகை. சாதாரணக் கார் இதில் சிரமமில்லாமல் ஏறிவிடும்.

நம் கார் என்ன ஆகும்? முன்சக்கரம் சாய்பலகையின் அடியைத் தொடும் நேரத்தில் மூக்கு 90 செ.மீ. முன்னால் போயிருக்கிறது. அந்த இடத்தில் பலகை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? பதினாலரைப் பாகையின் டேன்ஜென்ட் மதிப்பு சுமார் 0.26. 90 × 0.26 என்றால் 23 செ.மீ.க்கு மேல். மூக்கோ 10 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. சக்கரம் பலகையைத் தொடுவதற்கு வெகு முன்பே மூக்கு பலகையில் மோதி உடைந்துவிடும். இத்தகைய கார்களின் மூக்குகள் பெரும்பாலும் கண்ணாடியிழையால் ஆனவை, எளிதில் வெடித்துப்போகும்.

இந்தக் கார் தாங்கக்கூடிய சாய்வு எது? 10-ஐ 90-ஆல் வகுத்தால் 0.11. அதாவது ஆறு பாகையும் சிறிதும். அவ்வளவுதான். 45 செ.மீ. உயரத்தை அந்தச் சாய்வில் ஏறவேண்டுமானால் பலகை நான்கு மீட்டருக்குமேல் நீளவேண்டும். அத்தனை நீளப் பலகையை டிரெய்லரில் எங்கே செருகிவைப்பது?

இரண்டாவது ஆபத்து பலகையின் மேல்முனையில் காத்திருக்கிறது. முன்சக்கரங்கள் தளத்தின்மேல் போய்விட்டன. பின்சக்கரங்கள் இன்னும் பலகையில். இரண்டுக்கும் நடுவில் தளத்தின் விளிம்பு காரின் வயிற்றை நோக்கிக் கூனல்போல் எழுந்து நிற்கிறது. கூனலின் இருபுறமும் சக்கரங்கள் 125 செ.மீ. தள்ளி இருக்கும்போது வயிறு 10 செ.மீ. இடைவெளியை முழுவதும் இழக்கிறது என்றால், அந்த மடிப்பின் பாதிக் கோணத்தின் டேன்ஜென்ட் 10 ÷ 125, அதாவது 0.08. பாதிக் கோணம் நாலரைப் பாகை. முழு மடிப்பு ஒன்பது பாகை. பலகைக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள மடிப்பு அதைத் தாண்டினால் எண்ணெய்த் தொட்டியோ புகைபோக்கிக் குழாயோ அந்த விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். கார் முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. நெம்புகோல் தேடி ஓடவேண்டியதுதான்.

மேடும் பலகையும்

அப்படியானால் இந்த டிரெய்லர் வேண்டாமா? அவசரப்படவேண்டாம். தளத்தின் பின்முனையைத் தாழ்த்த ஒரு வழி இருக்கிறது. டிரெய்லர் என்பது நடுவில் அச்சுள்ள ஒரு நெம்புகோல். ஜீப்போடு அதை இணைக்கும் கொக்கி அச்சுக்கு முன்னால் 400 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. தளத்தின் பின்முனை அச்சுக்குப் பின்னால் 200 செ.மீ. கொக்கியை 30 செ.மீ. உயர்த்தினால் பின்முனை 15 செ.மீ. இறங்கும். ஜீப்பை யாரும் தூக்கவேண்டாம். சாலையோர மேடோ ஏரிக்கரைச் சரிவோ போதும். ஜீப் மேட்டில் ஏறி நிற்கட்டும். டிரெய்லரின் சக்கரங்கள் மேட்டின் அடியில் இருக்கட்டும். கார் பின்னால் சமதரையில் நிற்கட்டும். காஞ்சிபுரத்தைச் சுற்றி ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. ஜீப்பின் கைப்பிரேக்கை மட்டும் நம்பாமல் எல்லாச் சக்கரங்களுக்கும் கட்டை வைக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தேருக்கு முட்டுக்கட்டை போடுபவரைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

இப்போது பின்முனையின் உயரம் 30 செ.மீ. 30 ÷ 180 என்றால் ஒன்பதரைப் பாகைக்குச் சற்றுமேல். தளமே முன்னோக்கி நான்கு பாகை உயர்ந்திருப்பதால், மேல்முனையில் மடிப்பு ஐந்தரைப் பாகைக்குள் அடங்கிவிடுகிறது. வயிறு பிழைத்தது. மூக்கு இன்னும் பிழைக்கவில்லை. அதற்கு ஆறு பாகைதான் பொறுக்கும் என்று கண்டோமே!

இங்கேதான் ஒரு அழகான உபாயம். இரண்டு மீட்டர் நீளமுள்ள கனமான மரப்பலகைகள் இரண்டு எடுத்துக்கொள்வோம். ஒரு முனையைத் தரையிலும், மறு முனையைச் சாய்பலகையின்மேல் 20 செ.மீ. உயரமுள்ள இடத்திலும் வைப்போம். 20 ÷ 200 என்றால் 0.1, ஆறு பாகைக்கும் குறைவான சாய்வு. முன்சக்கரம் இதில் தொடங்கும்போது, மூக்கின் நேர்கீழே பலகை 9 செ.மீ. உயரம். மூக்கு 10 செ.மீ. ஒரு சென்டிமீட்டர் மிச்சத்தில் தப்பிவிட்டது.

மரப்பலகை முடிந்து செங்குத்தான பகுதி தொடங்கும்போது என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அப்போது முன்சக்கரங்கள் 20 செ.மீ. ஏறியிருக்கின்றன, பின்சக்கரங்கள் இன்னும் தரையில்தான். காரே வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. 250 செ.மீ.க்கு 20 செ.மீ. உயர்வு என்றால், சக்கரத்துக்கு அப்பால் இன்னொரு 90 செ.மீ. நீண்டுள்ள மூக்கு மேலும் 7 செ.மீ. உயரும். 10 செ.மீ. இடைவெளி 17 செ.மீ. ஆகிவிட்டது. மீதிச் சாய்வு அந்த 90 செ.மீ. தூரத்துக்குள் 15 செ.மீ.க்குமேல் எழ முடியாது. கார் தானே தன் மூக்கைத் தூக்கிக்கொண்டு தப்பிக்கிறது! முதல் ஆறு பாகையை மட்டும் மெதுவாகக் கடத்திவிட்டால் போதும் என்பது இதனால் விளங்குகிறது.

பின்புறத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முன்சக்கரங்கள் மேலே போகப் போக வால் தாழும். பின்சக்கரத்துக்குப் பின்னால் 80 செ.மீ. நீளமிருந்தால் வால் சுமார் 10 செ.மீ. இறங்கும்.

பலகைக்குப் பலம் இருக்கிறதா? இயந்திரம் முன்னால் உள்ள காரில் எடையின் பெரும்பங்கு முன்சக்கரங்களில். ஒவ்வொரு முன்சக்கரமும் 300 கிலோகிராமுக்குமேல் அழுத்தும். நடுவில் தாங்கல் இல்லாத இரண்டு மீட்டர் பலகை வளையும். நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள். மேலும், காரை அதன் இயந்திர பலத்தாலேயே ஏற்றினால் சுழலும் சக்கரம் பலகையைப் பின்னோக்கி உதைக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி வேலை செய்வதை இவ்வளவு முரட்டுத்தனமாக வேறெங்கும் காண முடியாது. பலகை பறந்து பின்னால் நிற்பவரின் முழங்காலைத் தாக்கும். டிரெய்லரின் முன்புறம் கையால் சுற்றும் கம்பிவடச் சுற்றி, அதாவது வின்ச், இருந்தால் அதைப் பயன்படுத்துவதே மேல். 1,100 கிலோகிராம் எடையை ஒன்பதரைப் பாகைச் சரிவில் இழுக்கத் தேவைப்படும் விசை, உராய்வு உட்பட, 200 கிலோகிராம் எடைக்குச் சமம்தான். சாய்தளத்தின் இலாபம் அது.

பெட்டிப் பரிசோதனை ஒன்று. தடித்த அட்டையில் இந்தக் காரின் பக்கத்தோற்றத்தைப் பத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்து வெட்டுங்கள். சக்கரங்களுக்குப் பதில் 6 செ.மீ. விட்டமுள்ள அட்டை வட்டங்களைக் குண்டூசியால் குத்துங்கள். நோட்டுப் புத்தகங்களை 4.5 செ.மீ. உயரத்துக்கு அடுக்கி, 18 செ.மீ. அட்டையைச் சாய்வாக வையுங்கள். காரை உருட்டிப் பாருங்கள். பிறகு அடுக்கை 3 செ.மீ. ஆக்கி, 20 செ.மீ. அட்டையை அதன்மேல் சாய்த்து மறுபடி உருட்டுங்கள். மேலே செய்த கணக்கெல்லாம் கண்முன்னே நிற்கும்.

முன்பாரம், பின்பாரம்

கார் ஏறியாகிவிட்டது. இனி அதைத் தளத்தின் எந்த இடத்தில் நிறுத்துவது? பலர் இதைப் பொருட்படுத்துவதே இல்லை. மூக்கு உடைந்தால் பணம் போகும். இதில் தவறினால் உயிர் போகும்.

இரட்டை மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றுகிறவரிடம் கேளுங்கள். பாரம் முன்னால் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இரண்டும் ஆகாது. பாரம் அச்சுக்குச் சற்றே முன்னால் விழவேண்டும். நுகத்தடி கழுத்தில் லேசாக உட்காரவேண்டும். இதற்கு அவர்கள் முன்பாரம் என்று பெயர் சொல்வார்கள். டிரெய்லர் இழுப்பவர்களின் விதியும் இதுவே. டிரெய்லர், சுமை இரண்டும் சேர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரை கொக்கியின்மேல் கீழ்நோக்கி அழுத்தவேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைத்துக்கொள்கிறார்கள். அங்கே இழுக்கும் வண்டிகளும் சிறியவை.

திருப்புத்திறன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டிரெய்லரின் எடை 700 கிலோகிராம்; காரோடு சேர்த்து 1,800. பத்தில் ஒரு பங்கு 180. காலி டிரெய்லரே கொக்கியில் 40 கிலோகிராம் அழுத்துகிறது என்று கொள்வோம். மீதி 140 கிலோகிராமைக் கார் தரவேண்டும். கொக்கி அச்சிலிருந்து 400 செ.மீ. தூரம். ஆகவே 140 × 400 = 1,100 × காரின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு முன்னால் இருக்கவேண்டிய தூரம். விடை ஏறக்குறைய 51 செ.மீ. ஒரு முழமும் நாலு விரலும்!

காரின் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது? முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் தனித்தனியே எடைமேடையில் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். முன்னால் 60 பங்கு, பின்னால் 40 பங்கு என்றால், 250 செ.மீ.யில் 40 பங்கு, அதாவது முன்சக்கரத்திலிருந்து 100 செ.மீ. பின்னால் ஈர்ப்பு மையம் இருக்கிறது.

இனிமேல்தான் சூட்சுமம். போன வாரம் ஏற்றிய காருக்காக டிரெய்லர்த் தளத்தில் முன்சக்கரம் நிற்கவேண்டிய இடத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறார்கள். இந்த வாரம் வருவது பந்தயத்துக்கென்றே கட்டிய கார். அதே எடை, அதே நீளம். ஆனால் இயந்திரம் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். முன்னால் 40 பங்கு, பின்னால் 60. ஈர்ப்பு மையம் முன்சக்கரத்திலிருந்து 150 செ.மீ. தூரத்துக்குப் போய்விட்டது. அதே கோட்டில் முன்சக்கரத்தை நிறுத்தினால் பாரம் 50 செ.மீ. பின்னுக்கு நகர்ந்ததற்குச் சமம். 1,100 × 50-ஐ 400-ஆல் வகுத்தால் 137 கிலோகிராம். கொக்கியில் இருந்த 180-இல் 137 போய்விட்டது! மிச்சம் 43. பார்ப்பதற்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கார் அதே இடத்தில், அதே அழகோடு நிற்கும். நெடுஞ்சாலையில் வேகம் ஏறும்போதுதான் தெரியும்.

என்ன தெரியும்? பெரிய பேருந்து ஒன்று பக்கத்தில் கடந்து போகிறது. அது தள்ளும் காற்று டிரெய்லரைச் சற்று ஒதுக்குகிறது. பாரம் சரியாக இருந்தால் டிரெய்லர் ஓரிரு முறை ஆடிவிட்டு நேராகிவிடும். அம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கனமான முனை முன்னால். காற்றைப் பிடிக்கும் இறகு பின்னால். ஆகவே விலகினாலும் தானே நேராகிறது. டிரெய்லரில் இறகின் வேலையைச் செய்வது சாலையைப் பிடிக்கும் டயர்கள். பாரம் அவற்றுக்கு முன்னால் இருக்கும்வரை நல்லது. பாரம் பின்னுக்குப் போகப் போக, ஒவ்வோர் ஆட்டமும் அடுத்த ஆட்டத்தை வளர்க்கும். இடம், வலம், இடம் என்று வால் வீச, ஜீப்பின் பின்புறத்தையும் கூடவே இழுக்கும். கொக்கியில் அழுத்தம் குறைந்ததால் ஜீப்பின் பின்டயர்களின் பிடியும் அதே சமயம் தளர்ந்திருக்கிறது. சில விநாடிகளில் இரண்டு வண்டிகளும் சாலையின் குறுக்கே புரண்டுவிடலாம். எதிரே வருவது பள்ளிக்கூட வண்டியாகவும் இருக்கலாம்.

வேகம் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் சாதுவாக வந்த அதே டிரெய்லர் 80-ஐத் தாண்டியதும் ஆடத் தொடங்கலாம். ஆட்டம் தொடங்கினால் பதறிப்போய் பிரேக்கை மிதிப்பவர்கள் அதை இன்னும் வளர்க்கிறார்கள். காலை வேகமிதியிலிருந்து எடுத்துவிட்டு, திசைச்சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறையவிடவேண்டும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் அதை மட்டும் போடலாம். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல் அது நேராகும். முன்பு சொன்ன அமெரிக்க நிறுவனம் தன் டிரெய்லர்களுக்கு மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர்தான் உச்சவேகம் என்று அறிவுறுத்துகிறது. நம் சாலைகளில் மாடும் சைக்கிளும் குறுக்கே வரும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் 60-க்கு மேல் போகாதிருப்பதே எனக்குச் சரியென்று படுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது அல்லவா? 90-இல் போகும் வண்டியை நிறுத்த, 60-இல் போகும் வண்டியை நிறுத்துவதைப்போல் இரண்டேகால் மடங்கு வேலை செய்யவேண்டும்.

இன்னொரு நுட்பம். கொக்கி அழுத்தம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. உதிரி டயர்களையும் கருவிப் பெட்டியையும் தளத்தின் கடைக்கோடியில் வைத்துவிட்டு, அதைச் சரிக்கட்ட எரிபொருள் கேன்களை முன்கோடியில் வைக்கிறார்கள். நிறுவை சரியாகவே காட்டும். ஆனால் இரு முனையிலும் எடை கட்டிய கம்பு ஒருமுறை சுழலத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். உதிரிச் சுமைகளை அச்சுக்கு அருகிலேயே வையுங்கள். அதைவிட, ஜீப்பிலேயே வைத்துவிடுங்கள்.

கட்டும் பட்டைகள்

காரை டிரெய்லரோடு கட்டுவதற்கு அகலமான செயற்கையிழைப் பட்டைகள் வருகின்றன. அவற்றை இறுக்கும் கருவியில் ஒரு பற்சக்கரமும் ஒரு தடுப்பு நாக்கும் இருக்கும். முன்னோக்கிச் சுற்றினால் நாக்கு பல்லின்மேல் வழுக்கிக்கொண்டு வழிவிடும். பின்னோக்கித் திரும்ப முயன்றால் பல்லில் மாட்டிக்கொண்டு நிறுத்தும். காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. நெய்த சேலையைச் சுற்றிக்கொள்ளும் படமரத்தில் இத்தகைய பற்சக்கரம் பொருத்திய தறிகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அது பாவின் இறுக்கத்தைக் காக்கிறது. இங்கே காரின் இறுக்கத்தைக் காக்கிறது.

பட்டையை எதில் மாட்டுவது? காரின் உடலில் மாட்டினால், ஒவ்வொரு பள்ளத்திலும் சுருள்வில் அமுங்கி உடல் தாழும், அந்தக் கணம் பட்டை தளரும், கொக்கி கழன்றுகொள்ளும். சக்கரங்களையே தளத்தோடு சேர்த்துக் கட்டினால் உடல் தன்போக்கில் ஆடிக்கொள்ளட்டும், பட்டை தளராது. தாழ்ந்த காரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உடலுக்கும் தளத்துக்கும் இடையே கை நுழையவே இடமிருக்காது.

எவ்வளவு பலமான பட்டை வேண்டும்? ஜீப் திடீரென்று நிற்கும்போது வேகக்குறைவு புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஏழு பங்கு என்று கொண்டால், கார் முன்னோக்கிப் பாய முயலும் விசை 1,100 × 0.7, அதாவது 770 கிலோகிராம் எடைக்குச் சமம். அதைப் பின்பக்கத்து இரண்டு பட்டைகள் பகிர்ந்துகொள்கின்றன. அவை நேராக இல்லாமல் சாய்வாகப் போவதால் இழுவிசையில் ஒரு பகுதி வீணாகும். ஒவ்வொன்றிலும் சுமார் 480 கிலோகிராம் விழும் என்று கொள்ளலாம். பட்டையில் அச்சிட்டிருப்பது அறுந்துபோகும் பளுவா, பாதுகாப்பாகத் தாங்கும் பளுவா என்று பார்த்து வாங்கவேண்டும். இரண்டுக்கும் இரண்டு மூன்று மடங்கு வேறுபாடு இருக்கும். கூரிய விளிம்பில் உராயும் பட்டைக்கு அச்சிட்ட எண் எதுவும் பொருந்தாது.

புறப்பட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்தி எல்லாப் பட்டைகளையும் தொட்டுப் பார்க்கவேண்டும். புதிய பட்டை சற்று நீளும்; டயர்கள் தளத்தில் அமர்ந்துகொள்ளும். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டால் நெடுஞ்சாலை ஏறுவதற்கு முன்பே ராஜகுளத்தருகே ஓர் ஓரமாக நிறுத்தலாம். சக்கர மையங்களையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கொதிக்கிறதென்றால் உள்ளே உருளைத் தாங்கி தேய்ந்திருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டையில் காரை இறக்கும்போது எல்லோரும் பந்தய அவசரத்தில் இருப்பார்கள். பட்டைகளை அவிழ்த்ததும் கார் பின்னோக்கி உருளத் தொடங்குகிறது. பின்சக்கரங்கள் பலகையில் இறங்கிவிட்டன. முன்சக்கரங்கள் தளத்தின் பின்விளிம்பில் நிற்கின்றன. காரின் பாதி எடை, 550 கிலோகிராம், அச்சுக்குப் பின்னால் 200 செ.மீ. தூரத்தில் அழுத்துகிறது என்று கொள்வோம். 550 × 200-ஐ 400-ஆல் வகுத்தால் 275. டிரெய்லரின் சொந்த அழுத்தமாகிய 40-ஐக் கழித்தாலும் 235 கிலோகிராம் விசை ஜீப்பின் பின்புறத்தை மேலே தூக்குகிறது. ஜீப்பின் கைப்பிரேக் பின்சக்கரங்களில்தான் இருக்கிறது. அவற்றின் பிடி தளர்ந்தால் மொத்த வரிசையும் நகரும். தளத்தின் பின்விளிம்புக்கு அடியில் இரண்டு கனமான மரக்கட்டைகளை நிறுத்தி முட்டுக் கொடுத்த பிறகே முதல் பட்டையை அவிழ்க்கவேண்டும். ஏற்றும்போதும் அந்தக் கட்டைகள் அங்கே இருக்கவேண்டும். காரின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு முன்னால் வந்து நின்றபின் எடுத்துக்கொள்ளலாம்.